கிணத்துக்கடவில் தொலைந்த வேகம்

அந்த ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சி ரோட்டில் செத்தது ஆள் இல்லை. ஒரு காரின் வேகம்.

காலை ஏழு மணி இருக்கும். கிணத்துக்கடவுக்குச் சற்று முன்னால் அறுபதில் போய்க்கொண்டிருந்த வெள்ளைக் கார் ஒன்று திடீரென்று தளர்ந்தது. பின்னால் வந்த தேங்காய் லாரி ஹாரனை அலறவிட்டு நூலிழையில் விலகியது. லாரிக்காரர் ஜன்னல் வழியாக நல்ல வார்த்தை நாலு சொல்லிவிட்டுப் போனார்.

காருக்குள் இருந்தவர் ரங்கராஜ். வயது அறுபத்தாறு. போத்தனூர்வாசி. ரயில்வேயில் சிக்னல் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கோ ஒரு கம்பி லூசாகி, சிவப்பு பச்சையாக மாறாமல் அடம்பிடித்தால் அதைத் தேடிப் பிடிப்பதிலேயே ஆயுளைக் கழித்தவர். சாமி கிடையாது, சகுனம் கிடையாது, எதற்கும் காரணம் மட்டுமே உண்டு என்பது அவர் கட்சி. எந்தச் சாமியும் பெயரில் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் மகளுக்கு இனியா என்று பெயர் வைத்தார்.

கார் அந்த மகளுடையது. சிங்கப்பூரிலிருந்து ஊரோடு வந்துவிடுகிறேன் என்று காரைக் கப்பலேற்றிக்கொண்டு வந்தாள். கொஞ்ச காலம் இருந்தாள். கனடாவில் வேலை கிடைத்தது, போய்விட்டாள். கார் தங்கிவிட்டது.

கியர் தானாக மாறும், கிளட்ச் கிடையாது. குரூஸ் கண்ட்ரோல் என்று ஒரு பொத்தான் வேறு. வேண்டிய வேகம் வந்ததும் அதை அழுத்திவிட்டால், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடலாம். கார் அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். பிரேக்கை லேசாகத் தொட்டாலும் போதும், பிடி விட்டுவிடும். தொண்ணூற்று ஐந்தில் கோயமுத்தூரில் அப்படிப்பட்ட கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வலது முழங்கால் மூட்டுவலிக்கு அந்தப் பொத்தான் ரங்கராஜுக்கு வரப்பிரசாதமாக இருந்தது. ஆனால் 'வரப்பிரசாதம்' என்று அவர் முன்னால் சொன்னால் சண்டைக்கு வருவார்.

அந்தப் பொத்தான்தான் இப்போது காலை வாருகிறது. சில நாள் ஒழுங்காக வேலை செய்யும். சில நாள் வழியில் தானாக விட்டுவிடும். கணபதியில் ஒரு பட்டறைக்காரர் வயர் வயராகப் பிரித்துப் பார்த்து, "வண்டில ஒண்ணுமே இல்லீங்க" என்று கையை விரித்துவிட்டார்.

ஒண்ணுமே இல்லையென்றால் யாரோ இருக்க வேண்டும். ரோட்டோரம் காரை நிறுத்தி, முகத்தைத் துடைத்தபோது ரங்கராஜுக்கு அந்த யாரோ யாரென்று தெரிந்துவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் காருக்குள் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு, கையில் குறடோடு கிடந்த பழைய டிரைவர் மயில்சாமி.

* * *

திங்கட்கிழமை காலை போத்தனூர் வீட்டுக்கு முகமது யூசுப் வந்தார்.

யூசுப்புக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. உக்கடத்துக்காரர். இன்சூரன்ஸ் சர்வேயர். மோதி நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து, எது விபத்து, எது கட்டுக்கதை என்று சொல்லுவது தொழில். மனிதர்கள் பொய் சொல்லுவார்கள், தகரம் சொல்லாது என்பார்.

வீடு பெரியது. சத்தம் இல்லாதது. சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நாலு நாற்காலி. ஒன்றில் ரங்கராஜ் உட்கார்ந்தார், மற்ற மூன்றிலும் பழைய செய்தித்தாள் அடுக்கியிருந்தது. யூசுப் ஒரு கட்டை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் ஆள் உட்கார்ந்து ரொம்ப நாள் ஆகியிருக்கும் போலிருந்தது.

"என்ன வேணுங்க சார் என்கிட்ட?"

"உங்க கையெழுத்து. வயர்ல யாரோ கை வெச்சிருக்காங்கன்னு எழுதிக் குடுங்க. போலீஸ் ஸ்டேஷன்ல குடுத்தரலாம். லாரி அடிச்சிருந்தா நான் இந்நேரம் பொணம்."

"யார் மேல சந்தேகம்?"

"மயில்சாமி. ரயில்வேல எனக்கு ஜீப் ஓட்டுனவன். ரிட்டையர் ஆனதும் என்கூடவே வந்துட்டான், பின்னாடி ரூம்லதான் இருக்கறான். என்னோட பழைய அம்பாசிடர் இருந்த வரைக்கும் அவன்தான் ராஜா. இந்த வண்டி வந்ததும் நானே ஓட்டறேன். அவனுக்குத் தொடைக்கிற வேலைதான் மிச்சம். வண்டி கெட்டாத்தான அவனைக் கூப்புடுவேன்?"

"அவரு ஓட்டி இந்தக் கோளாறு வந்திருக்குதுங்களா?"

"பட்டறைக்கு ரெண்டு மூணு தடவை ஓட்டிட்டுப் போயிருக்கான், பொத்தானும் போட்டுப் பாத்தான். ஒரு தடவை கூட வரல! அதுலயே தெரியலீங்களா?"

யூசுப் அடுத்த கேள்விக்குப் போனார். "எங்க வெச்சு வருது?"

"போத்தனூர்லருந்து கிளம்பி அரைமணி நேரம் ஓடுன பின்னாடி. சூடு ஏறுனதும் ஏதோ ஒரு கனெக்‌ஷன் விடற மாதிரி செஞ்சு வெச்சிருக்கான். சிக்னல் ரிலேல நான் பாக்காத சூடுங்களா?"

"திரும்பி வர்றப்ப?"

"திரும்பறப்பவும் வரும். தோப்புலருந்து கிளம்பி அஞ்சாறு நிமிஷத்துல."

"தோப்பு எங்க?"

"கிணத்துக்கடவு தாண்டினா கொஞ்ச தூரம். ஞாயிறு, புதன் போவேன்."

"தோப்புல வண்டி எத்தனை நேரம் நிக்கும்?"

"மத்தியானம் வரைக்கும்."

யூசுப் தலையை ஆட்டினார். "பிரேக்ல கால் பட்டிருக்குமோ?"

ரங்கராஜுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் பச்சைக் கொழந்தையா? வலது கால் மூட்டுவலிங்க. பொத்தானை அழுத்துனதும் எடுத்துக் கீழ வெச்சிருவேன். எங்க வெச்சேனோ அங்கயே இருக்கும். பிரேக் பக்கம் போகவே போகாது."

"பொள்ளாச்சிக்கு வேற ஜோலியாப் போயிருக்கீங்களா?"

"போன மாசம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். அன்னிக்கு வரல. பட்டறைக்காரர் கூட உக்காந்து வந்தார், அப்பவும் வரல. தோப்புக்குப் போறன்னிக்குத்தான் இந்தக் கூத்து. அவனுக்கு என் நாள் கிழமையெல்லாம் அத்துப்படிங்க."

"அம்பாசிடர்ல தோப்புக்கு மயில்சாமிதான் கூட்டிட்டுப் போவாரா?"

"இல்ல. ஞாயித்துக்கெழம மட்டும் நான்தான் ஓட்டுவேன். நானும்..." ரங்கராஜ் பாதியில் நிறுத்தினார். எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். "வண்டியைப் பாருங்க."

* * *

யூசுப் காருக்குள் படுத்து டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்தார். வயர்கள் முழுசாக இருந்தன. வெட்டோ ஒட்டோ ஒரு கீறலோ இல்லை. ஆனால் வயருக்கெல்லாம் தள்ளி, ஸ்டீயரிங் தண்டுக்குப் பின்னால் ஒரு கொக்கியில் ஏதோ மின்னியது. விரல் நீளப் பித்தளை வேல். மஞ்சள் கயிற்றில் கட்டி, கம்பி போட்டு முறுக்கியிருந்தது. வேல் பழசு, கம்பி புதுசு.

எழுந்திருக்கும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. கிளட்ச் இல்லாத காரானதால் பிரேக் பெடல் அகலமாக, இடது பக்கம் நீண்டிருந்தது. அதன் இடது ஓரத்தில் மட்டும் ரப்பர் தேய்ந்து பழுப்புக் கறை ஏறியிருந்தது.

கொல்லைப்புற அறையில் மயில்சாமி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தகரப்பெட்டி திறந்து கிடந்தது. பாதி அடுக்கியாகிவிட்டது.

"வயரை அறுத்தீங்களா?"

"இல்லீங்க."

"அப்பறம் குறடோட உள்ள என்ன வேலை?"

மயில்சாமி ஒரு வேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்தார்.

"சொல்லலைன்னா ஸ்டேஷனுக்குப் போவணுங்க. தெரியுமில்ல?"

"தெரியுங்க."

"அந்த வேல் யாருது?"

மயில்சாமி நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "ஐயாகிட்டச் சொல்லிப்போட்டீங்களா?"

"இல்ல."

"சொல்லாதீங்க. அம்மாவுதுங்க. ஐயா சம்சாரம், மாசாணியம்மா. பழைய வண்டில அவங்க கட்டுனது. வண்டிய விக்கறப்ப நான் கழட்டி வெச்சுக்கிட்டேன். ஐயா ஒத்தையாப் போறாரே, தொணைக்குக் கிடக்கட்டும்னு கட்டிப்போட்டேன். அம்மா செத்து மூணு வருஷமாச்சுங்க. இந்த ஊட்டுல அம்மா பேரை எடுக்கக் கூடாது. எடுத்தா அன்னிக்கு ஐயா சோறு திங்கமாட்டாருங்க. நான் குத்தவாளியாவே இருந்துட்டுப் போறேன்."

போலீசுக்குப் போனாலும் பரவாயில்லை, எஜமான் ஒரு வேளை பட்டினி கிடக்கக் கூடாது என்று நினைக்கிற குற்றவாளியை யூசுப் தம் தொழிலில் பார்த்ததில்லை. ஆனால் நல்ல மனசு சாட்சியாகாது. அவருக்குச் சாட்சி வேண்டியிருந்தது.

* * *

செவ்வாய்க்கிழமை யூசுப்பும் ரங்கராஜும் சேர்ந்து தோப்புக்குப் போனார்கள். வெளியாள் கூட வரும்போது செருப்பில் போவது ரங்கராஜுக்கு மரியாதையாகப் படாது. பளபளவென்று ஷூ போட்டிருந்தார். பொத்தான் போகும்போதும் விடவில்லை, வரும்போதும் விடவில்லை. கிணத்துக்கடவில் ரோட்டை ஒட்டினாற்போல் பொன்மலை எழுந்து நின்றது. உச்சியில் முருகன் கோயில் வெயிலில் தெரிந்தது. யூசுப் அதைப் பார்த்தார். ரங்கராஜ் ரோட்டையே பார்த்தார்.

"பாத்தீங்களா? ஆள் கூட வந்தா கமுக்கமா இருக்குது. நேத்து ராத்திரி அவன் கை வைக்கல, அவ்வளவுதான்."

தோப்பில் காவலுக்கு இருந்த சின்னத்தாயி இளநீர் வெட்டிக்கொண்டு வந்தாள். ரங்கராஜ் மோட்டார் ரூம் பக்கம் போனதும் யூசுப்பிடம் சிரித்தாள்.

"இன்னிக்கு ஐயன் பூட்ஸ் போட்டுக்கிட்டு ஜம்முனு எறங்குனாருங்க. இல்லாட்டி எறங்கறதுக்குள்ள ஒரு பாடு படுவாரு."

"என்ன பாடு?"

"ஒரு காலை வெளிய வெச்சுப்போட்டு, இன்னொரு கால் செருப்பை உள்ள தடவித் தடவித் தேடுவாருங்க. வயசாயிருச்சல்ல, கழண்டு எங்கயாச்சும் போயிருது போல."

"எந்தக் கால்?"

சின்னத்தாயி யோசித்து, தன் இடது காலை ஆட்டிக் காட்டினாள். "இந்தக் காலுங்க."

யூசுப் இளநீரை வைத்துவிட்டார். பிறகு ஞாபகம் வந்து குடித்தார்.

வீட்டுக்குத் திரும்பியதும் காரை ஷெட்டில் விட்டுப் பூட்டச் சொன்னார். காரின் இரண்டு சாவியையும் ஷெட் சாவியையும் கேட்டு வாங்கித் தம் பையில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்குப் புதன். வழக்கம் போலப் போங்க சார். தனியா. தோப்புக்குப் போறப்ப எப்படிப் போவீங்களோ அப்படியே. காலைல நான் வந்து பூட்டைத் தொறக்கறேன்."

"ராத்திரி பூட்டிக் கெடந்தா நாளைக்குக் கோளாறு வராதே?"

"வரலைன்னா நீங்க கேட்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"வந்தா?"

"வந்தா மயில்சாமி பெட்டியைப் பிரிச்சு வெக்கணுங்க."

* * *

புதன்கிழமை விடிந்ததும் யூசுப் ஷெட்டைத் திறந்தார். பூட்டு அலுங்காமல் இருந்தது. வேட்டி, அரைக்கைச் சட்டை, தோல் செருப்பு என்று ரங்கராஜ் வந்து ஏறினார். கொல்லைப்புறம் பார்க்கவே இல்லை. அங்கே கதவோரம் நின்ற மயில்சாமி கார் கிளம்பும் வரை நின்றுவிட்டு உள்ளே போனார்.

யூசுப் மோட்டார் சைக்கிளில் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் போனார். ஈச்சனாரி தாண்டியது. ரோடு காலியாக இருந்தது. கார் அறுபதைப் பிடித்து, ஏறாமல் இறங்காமல் நூல் பிடித்தாற்போல் ஓடியது. பொத்தான் போட்டாகிவிட்டது. கண்ணாடி வழியே ஒற்றைத் தலை தெரிந்தது. பக்கத்து சீட்டு காலி. யூசுப்புக்கு ஏனோ மனசு கனத்தது.

கிணத்துக்கடவு நெருங்கியது. மரங்கள் விலகின. இடதோ வலதோ திரும்பாமல் நேரே பார்த்தாலே போதும் என்கிற மாதிரி பொன்மலை வந்து நின்றது.

காரின் பின்புறம் இரண்டு சிவப்பு விளக்கும் ஒரு தடவை எரிந்து அணைந்தன.

கண்சிமிட்டும் நேரம்தான். கார் தளர்ந்தது. யூசுப் ஹாரன் அடித்து ஓரம் கட்டச் சொன்னார். கார் புளியமரத்தடியில் நின்றது. ரங்கராஜ் உள்ளேயிருந்து கத்தினார்.

"பாத்தீங்களா! விட்டுருச்சு! பூட்டி வெச்சும்..." அந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று அவருக்கே தெரிந்து, வாயை மூடிக்கொண்டார்.

யூசுப் ஓடிவந்து கதவைத் திறந்தார். "சார், காலை அசைக்காதீங்க. ரெண்டு காலையும் அப்படியே வெச்சுக் கீழ பாருங்க."

ரங்கராஜ் குனிந்தார்.

வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறுங்கால். கழன்ற செருப்பு பிரேக் பெடலுக்கு அடியில் ஒருக்களித்துக் கிடந்தது.

"குற்றவாளி அதுதாங்க சார்," என்றார் யூசுப் மெதுவாக. "உங்க இடது கால்."

ரங்கராஜ் அந்தச் செருப்பையே பார்த்தார்.

"சூடுன்னு சொன்னீங்க. போறப்ப அரைமணி நேரம் ஓடித்தான் விடுது. வர்றப்ப ஆறிக் கெடந்த வண்டி அஞ்சாறு நிமிஷத்துலயே விடுது. சூடா இருந்தா ரெண்டுக்கும் ஒரே நேரம் ஆகணும். போத்தனூர்லருந்து அரைமணி, தோப்புலருந்து அஞ்சாறு நிமிஷம். ரெண்டும் வந்து சேர்ற இடம் ஒண்ணுதான். இந்த இடம். அப்ப கோளாறு வண்டில இல்ல, இடத்துல.

"பிரேக்கைத் தொட்டீங்களான்னு கேட்டேன். வலது காலைப் பத்தியே சொன்னீங்க. பட்டறைக்காரரும் அதையேதான் கேட்டிருப்பாரு. கிளட்ச் இல்லாத வண்டில இடது காலுக்கு என்ன வேலைன்னு யாரும் அதைக் கேக்கல. ஷூ போட்டு ஓட்டுனா வரல. மயில்சாமி ஓட்டுனா வரல. செருப்பு போட்டு நீங்க ஓட்டுனாத்தான் வருது. சின்னத்தாயி சொல்லுது, எறங்கறப்ப இடது செருப்பைத் தேடுவீங்கன்னு. பெடல்ல இடது ஓரம் மட்டும் தோல் உரசித் தேஞ்சிருக்குது. ஓடற வண்டில செருப்பைக் கழட்டணும்னா எப்படிக் கழட்டுவீங்க? அம்பாசிடர்ல வலது கால் ஆக்ஸிலேட்டர்ல இருக்கும். இடது காலைக் கிளட்ச் ஓரத்துல மாட்டி இழுத்துக் கழட்டியிருப்பீங்க. இதுல கிளட்ச் இல்ல. கால் அதே இடத்துலதான் தேடுது, பிரேக் மாட்டுது. வேகம் குறையற அளவுக்கு அழுத்தறதில்ல. பொத்தான் விட்டுப்போக அது போதும்."

"நான் எதுக்குச் செருப்பைக் கழட்டணும்?" என்றார் ரங்கராஜ். குரலில் பலம் இல்லை.

"நான் வேற மார்க்கம். எங்களுக்குப் பள்ளிவாசல் வாசல்லதான் கழட்டற பழக்கம். ஆனா பஸ்ல போறப்ப பாத்திருக்கறேன். இந்த மலை தெரிஞ்சதும் பாதிப் பேர் உக்காந்த வாக்குல செருப்புலருந்து காலை எடுத்துக்கறாங்க. கும்புடறதுக்கு. நீங்க கும்புடற ஆளில்லைன்னு தெரியும். பக்கத்து சீட்டுல உக்காந்து வந்தவங்க கும்புட்டிருப்பாங்க."

ரங்கராஜ் காலி சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. மூன்று வருடமாகக் கேட்கக் கூடாது என்று பொத்திவைத்த குரல். ஒவ்வொரு ஞாயிறும் இதே இடத்தில், முந்தானையைச் சரிசெய்துகொண்டே, "ஏனுங்க, மலை தெரியுதுங்க. செருப்பக் கழட்டுங்க." அவர் திட்டுவார். கல்லுக்கு எதுக்குடி செருப்பைக் கழட்டணும் என்பார். அவள் விடமாட்டாள். "எனக்காவ ஒத்தக் காலாச்சும் கழட்டுங்க." ஓட்டுகிறவனுக்கு ஒற்றைக் கால் போதும் என்று முருகனிடம் அவளே பேசி முடித்திருந்தாள். வம்பு வேண்டாமென்று கழட்டுவார். முப்பது வருடமும் வம்பு வேண்டாமென்றுதான் கழட்டினார்.

அவள் போன பிறகு படத்தை எடுத்து வைத்தார், புடவைகளைக் கொடுத்துவிட்டார், பேரைச் சொல்ல விடவில்லை. கால் மட்டும் சொல்பேச்சுக் கேட்கவில்லை. ரங்கராஜ் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். யூசுப் கொஞ்ச தூரம் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

வெகுநேரம் கழித்து ரங்கராஜ் கேட்டார். "அப்ப மயில்சாமி குறடு வெச்சுக்கிட்டு என்னதான் பண்ணுனான்?"

"ஸ்டீயரிங்குக்குப் பின்னாடி கையை விட்டுப் பாருங்க. சொல்லக் கூடாதுன்னு அவரு கேட்டுக்கிட்டாரு. நான் சொல்லல."

ரங்கராஜ் கையை விட்டுத் தடவினார். விரல் வேலில் பட்டதும் அப்படியே நின்றது.

* * *

மயில்சாமி தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தபோது கார் திரும்பி வந்தது. ரங்கராஜ் இறங்கினார். இடது காலில் செருப்பு இல்லை. தேடவும் இல்லை.

"பெட்டியை உள்ள வெய்யி, மயில்சாமி."

"இருக்கட்டுங்கய்யா. மகன் ஊட்டுக்குப் போறேன்."

"உன்னைக் குத்தவாளின்னு சொன்ன வாயிது. தப்புய்யா. மன்னிச்சுக்க." பிறகு, பழக்கமில்லாத ஒரு சொல்லை உச்சரிக்கிறவர் மாதிரி மெல்லச் சொன்னார். "மாசாணியோட வேலுய்யா அது, எதுக்கு ஒளிச்சுக் கட்டுனே? முன்னாடி கட்டு. எனக்குத் தெரியற மாதிரி."

மயில்சாமி பெட்டியைக் கீழே வைத்தார்.

யூசுப் கிளம்பும்போது சொன்னார். "பிரேக் சுவிட்சைக் கொஞ்சம் தள்ளி வெச்சுட்டா கால் பட்டாலும் பொத்தான் விடாதுங்க. பட்டறைல சொல்லட்டுங்களா?"

"வேண்டாங்க," என்றார் ரங்கராஜ்.

அடுத்த ஞாயிறு மயில்சாமி காரை ஓட்டினார். அறுபது வந்ததும் ரங்கராஜ் சொல்ல, பொத்தானை அழுத்தினார். பக்கத்து சீட்டில், அவள் இடத்தில், அவர் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு முன்னால் வேல் ஆடிக்கொண்டு வந்தது. ஈச்சனாரி தாண்டி, மரங்கள் விலகி, கிணத்துக்கடவு வந்தது.

"மயில்சாமி."

"ஏனுங்கய்யா?"

"மலை தெரியுது. செருப்பக் கழட்டு."

மயில்சாமி ஒரு விநாடி அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இடது காலைப் பெடல் ஓரத்தில் மாட்டி இழுத்தார். பொத்தான் விட்டது. கார் மெல்லத் தளர்ந்தது. பின்னால் யாரும் வரவில்லை. மலை கண்ணைவிட்டு மறையும் வரை இரண்டு பேரும் பொத்தானைத் திரும்பப் போடவில்லை.